சின்ன எழுத்தில் ஒரு கோச்

சித்ராதேவி கையெழுத்துப் போடாமல் அந்தப் பனியன் பிரிண்டிங் கம்பெனியில் மெஷின் ஓடாது. அச்சடித்த முதல் பீஸ் அவள் மேசைக்கு வரும். ஆர்டர் கொடுத்த பையர் ஒப்புக்கொண்ட மாதிரியோடு வைத்துப் பார்த்து, சரியென்றால் துணியின் ஓரத்திலேயே பேனாவால் கையெழுத்துப் போடுவாள். பின்னால் தப்பு வந்தால் கையெழுத்துப் போட்டவர் தலைதான் உருளும். திருப்பூரில் இது எழுதாத சட்டம்.

சாமளாபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண் அவள். இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் ஒரு பீஸுக்குக் கையெழுத்துப் போட மறுத்தாள் என்று மறுநாளே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். "வாயைக் கொஞ்சம் கட்டுனா என்னவாம்?" என்று மாமியார் கேட்காத நாளில்லை. புருஷன் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அதிகம் சுட்டது. இந்த வேலையும் போனால் இன்னொரு கதவு திறக்காது. ஊர் என்னவோ பெரிதுதான், ஆனால் முதலாளிகள் எல்லாரும் மாமன் மச்சான்கள்.

அன்று வந்தது ஒரு வெளிநாட்டுக் கால்பந்து கிளப்பின் நூற்றாண்டு விழாப் பனியன். முதுகில் கிளப்பின் வரலாறு ஆங்கிலத்தில் ஒரு பத்தி. மாதிரியில் கிளப் பெயருக்கும் கோப்பையின் பெயருக்கும் மட்டும் முதலெழுத்துப் பெரிது. கால்பந்து, கோல்கீப்பர், கோச் எல்லாம் சின்ன எழுத்து. மேசைக்கு வந்த பீஸிலோ அத்தனையும் தலை பெருத்து நின்றன.

"யாரு மாத்துனது?" என்றாள்.

டிசைன் போடும் குமரன் தலையைச் சொறிந்தான். "முதலாளி சொன்னாருங்க அக்கா."

பீஸை எடுத்துக்கொண்டு மெஷினுக்குப் போனாள். முதலாளி சிவசுப்பிரமணியம் அங்கேதான் நின்றிருந்தார். மெஷினில் வேலை செய்யும் ஒடிசாக்காரர்கள் பனியனை விரித்துவைத்துக் காத்திருந்தார்கள். சாயங்காலம் லாரி வந்துவிடும்.

"ஏனுங்க, இன்னும் கையெழுத்தாகலீங்களா?"

"மாதிரியில கோச் சின்ன எழுத்துங்க சார். நாம பெருசா போட்டிருக்கறமுங்க."

"நாந்தானுங்க மாத்தச் சொன்னேன். அத்தன பேருக்கு வெளையாடக் கத்துக்குடுத்த மனுசன். சின்னதாப் போட்டா மரியாதைங்களா? நம்ம கல்யாணப் பத்திரிகையில தாய்மாமனைப் பொடி எழுத்துல போட்டா, அவரு மண்டபத்துக்குள்ள கால் வெப்பாருங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"அவிய மொறை வேறீங்க. பேருக்குத்தான் பெரிய எழுத்து, பொறுப்புக்கு இல்லீங்க. அவியளே பாத்து ஓகே பண்ணுனதுங்க சார்."

"போடுங்க கையெழுத்தை."

சிரிப்பு நின்றது. அவர் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார். போட்டுச் சரக்கு திரும்பி வந்தால் தலை போகும். போடாவிட்டால் இப்போதே வேலை போகும். பேனாவை வாங்கினாள். பயத்தோடு சேர்ந்து கோபமும் வந்தது. மரியாதை செய்வது இவர், கழுத்தை நீட்டுவது நானா?

"மன்னிச்சுக்குங்க சார். நான் போட மாட்டேனுங்க. சரின்னு பட்டா நீங்களே போட்டுக்குங்க."

அந்தக் கம்பெனியில் முதலாளியிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. குமரன் தரையைப் பார்த்தான். சிவசுப்பிரமணியம் முகம் சிவக்கப் பேனாவைப் பிடுங்கி, துணியின் ஓரத்தை இழுத்து வைத்து எழுத ஆரம்பித்தார். 'சிவ' வரைக்கும் வந்தது. அதற்குமேல் பேனா நகரவில்லை. செக்கில் கையெழுத்துப் போட்டுப் பழகிய கைதான், பீஸில் போட்டதில்லை. மாதிரியை ஒருதரம் பார்த்தார், பனியனை ஒருதரம் பார்த்தார்.

"குமரா, இந்த அச்சு ஸ்கிரீனை அழிச்சுட்டு மாதிரிப்படி வேற போடு. லாரிக்காரன் நின்னா நிக்கட்டும்."

ஆட்கள் கலைந்தார்கள். கேட்காமல் வீட்டுக்குப் போக சித்ராதேவியால் முடியாது.

"நாளைக்கு நான் வேலைக்கு வரட்டுங்களா சார்?"

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேனாவை நீட்டினார்.

"வராம? நாளைக்கு முதல் பீஸுல யாருங்க கையெழுத்துப் போடறது, நானா?"