ரெஜிக்குத் தேடிய ரீபில்

ஒரு மனிதனின் எழுத்து சிறுத்துக்கொண்டே போனால் அதற்குப் பேனையின் ரீபில்தான் காரணம் என்று நான் நம்பினேன். ஒரு வருடத்துக்கு மேலாக நம்பினேன். வீட்டில் இருந்தபடி நம்பியிருந்தாலும் பரவாயில்லை. கொழும்பில் உள்ள புத்தகக்கடை எல்லாம் ஏறி இறங்கி, கடைக்காரர்களின் பொறுமையைக் கரைத்து, இரண்டு வெள்ளைச் சட்டைகளைப் பலி கொடுத்து நம்பினேன். நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நானும் முடிந்தவரைக்கும் சிரித்துக்கொண்டேதான் சொல்லப் பார்க்கிறேன்.

போன கிழமை வெள்ளவத்தையில், காலி வீதிக் கடையொன்றில், கறுப்பு ஜெல் ரீபில் ஒன்று கேட்டேன். கடையில் நின்ற பிள்ளை போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரீபில் இப்ப வாறதில்ல அங்கிள். பேனையையே வாங்குங்க, முடிஞ்சா எறியலாம்."

முடிந்தால் எறிவது. சரி, காலம் அப்படி. ஒரு பேனையை எடுத்தேன். எழுதிப் பார்க்க ஒரு துண்டுக் கொப்பியை நீட்டினாள். அதில் எனக்கு முன்னால் வந்தவர்களின் சுழிகள், கோணல் கோடுகள், யாரோ ஒருவரின் பாதிக் கையெழுத்து. ஜெல் மைக்கு ஒரு மணம் இருக்கிறது, அநேகம் பேருக்குத் தெரியாது. பல் டொக்டரின் அறைக்குள் நுழைந்த மாதிரி, லேசான இனிப்போடு. நான் குனிந்து மூக்கைத் தாளுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். பிள்ளை அப்போதுதான் போனிலிருந்து கண்ணை எடுத்தாள்.

அந்த மணம் என்னை நேரே நான் முன்பு வேலை பார்த்த கொட்டாஞ்சேனைக் கந்தோரில் கொண்டுபோய் விட்டது. துறைமுகத்தில் வந்திறங்கும் சாமான்களைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிற கந்தோர். பத்திரம் எல்லாம் கையால் எழுதிய காலம். பக்கத்து மேசையில் ரெஜினோல்ட், எங்களுக்கு ரெஜி. கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து, ஞானஸ்நானம் பெற்று, காதலித்து, கலியாணமும் முடித்தவன். ஊரைவிட்டு வெளியே போக அவனுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அவனுடைய எழுத்து பெரிய எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் தனி வீடு எடுத்துக் குடும்பத்தோடு இருக்கிற மாதிரி, அப்படியொரு விசாலம். சுங்கத்தில் அதிகாரியாக இருந்த ஒரு சிங்கள மஹத்தயா பத்திரத்தைத் தூரப் பிடித்துப் பார்த்து, "ரெஜி, ஒயாகே அகுறு ஹரிம லொக்குய்" என்பார். எழுத்து சரியான பெரிசாம். ரெஜியும் விடமாட்டான். "அகுறு விதறாய் சேர் லொக்கு, படிய நே." எழுத்து மட்டும்தான் பெரிசு, சம்பளம் இல்லை. மஹத்தயா சிரித்துக்கொண்டே முத்திரை குத்துவார். என்னுடைய பத்திரத்துக்கு அப்படி யாரும் சிரித்ததில்லை. என் எழுத்தை முதலில் வாசிக்க வேண்டுமே.

ரெஜியிடம் ஒரு உருக்குப் போல்பொயின்ட் பேனை இருந்தது. காதலித்த காலத்தில் மெரில் கொடுத்தது. மெரில் பிறகு அவன் மனைவியானாள், பேனையும் கூடவே குடும்பத்தில் சேர்ந்துகொண்டது. ஜெல் ரீபில்கள் கடைக்கு வந்தபோது அவனுக்கு ஒரே ஆசை, அதை இந்தப் பேனைக்குள் போட வேண்டும். ஜெல் ரீபில் நீளம். பின்பக்கத்தைப் பிளேட்டால் சீவ வேண்டும். கொஞ்சம் கூடச் சீவினால் மை பின்வழியாக வந்து சட்டைப் பையில் குடியேறும். பரிசோதனைக்கு எப்போதும் என்னுடைய சட்டைப் பைதான்.

பத்து மணித் தேத்தண்ணியோடு ஒப்பீடு தொடங்கும். எது சீக்கிரம் காய்கிறது, எது பேப்பரைக் கீறுகிறது, எது பாதி வரியில் மூச்சு வாங்குகிறது. ரெஜி சோதனைக்கு எப்போதும் தன் விலாசத்தைத்தான் எழுதுவான்: கொட்டாஞ்சேனை, கொழும்பு 13. "ஞ்சே-யில நிக்காம ஓடினா நல்ல சாமான் மச்சான்" என்பது அவனுடைய தீர்ப்பு. இதிலே ஒரு வில்லங்கம். ஜெல் பேனையை அழுத்தி எழுத முடியாது, அழுத்தாவிட்டால் கார்பனுக்குக் கீழே ஒன்றும் விழாது. முதலாளி ஒருநாள் வெறுமையான மூன்றாம் பிரதியை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இது ஆருக்குத் தம்பி? ஆவிகளுக்கா?"

"அவங்களுக்கும் சாமான் வருது சேர்" என்றான் ரெஜி.

அன்று முதலாளியே சிரித்துவிட்டார். நான் மட்டும் வேலை போய்விட்டது என்று கழிவறைக்குள் போய் நின்றேன். என் சுபாவம் அப்படி. தும்மினால் நியூமோனியா, விரலில் மை பட்டால் இரத்தம் கெட்டுவிட்டது. எனக்கு வராத வருத்தம் இல்லை. அடுத்தவனுக்கு வருத்தம் வரும் என்றுதான் தோன்றாமல் போய்விட்டது.

கணினி வந்தது. பத்திரங்கள் போயின. நான் வெள்ளவத்தைக்கு வந்து வேறு வேலையில் ஒட்டிக்கொண்டேன், ரெஜி அங்கேயே இருந்தான். ஆனாலும் டிசம்பர் பிறந்தால் நத்தாருக்கு அவனிடமிருந்து வாழ்த்து மடல் வரும். உறையில் என் பெயர் மட்டுமே முக்கால் இடம் பிடிக்கும், முத்திரை பாவம் ஒதுங்கி நிற்கும்.

ஒரு நத்தாருக்கு வந்த உறையைப் பார்த்தேன். என் பெயரின் முதலெழுத்து பழைய ரெஜி. அடுத்தது கொஞ்சம் சின்னன். வெள்ளவத்தைக்கு வரும்போது எழுத்து எறும்பு வரிசையாகிவிட்டது. உடனே போன் எடுத்தேன்.

"என்னடா, விலாசம் எழுதினியா இல்ல சீனி கொட்டினியா?"

"ரீபில் சரியில்ல மச்சான். ஓடுதில்ல. இழுத்து இழுத்து எழுத வேண்டிக்கிடக்கு."

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இப்ப வாற சாமான் எல்லாம் குப்பைதான்" என்றேன்.

அடுத்த வருடம் அவன் மகள் ஷமினிக்குக் கலியாணம் சரிவந்தது. அவளுக்கு ஒரு பிடிவாதம். பதிவேட்டில் சாட்சியாக அப்பாதான் கையெழுத்து வைக்க வேண்டும், அந்தப் பெரிய எழுத்தில், அம்மா கொடுத்த பேனையால். ரெஜி எனக்குப் போன் எடுத்தான். குரல் அடங்கியிருந்தது. பக்கத்தில் யாரோ தூங்குகிறார்களாக்கும் என்று நினைத்தேன்.

"பிள்ளையிட கலியாணத்தில நான் எறும்பு மாதிரிக் கையெழுத்து வைக்கேலாதுடா. நல்ல ரீபில் ஒண்டு தேடு."

அவ்வளவுதான், எனக்குப் பேய் பிடித்துவிட்டது. வெள்ளவத்தை, கொள்ளுப்பிட்டி, புறக்கோட்டை. மெல்லிய முனை, தடித்த முனை, அதைவிடத் தடித்த முனை. புறக்கோட்டையில் ஒரு கடைக்கார நானா, நான் மூன்றாம் முறை படியேறும்போதே கையெடுத்துக் கும்பிட்டார்.

"தம்பி, கலியாணம் ஆருக்கு? மாப்பிள்ளைக்கா, பேனைக்கா?"

வாங்கியதை எல்லாம் சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோவேன். சீவுவது இப்போது என் வேலை, ரெஜியின் கையில் பிளேட் நிற்கவில்லை. வயது போனால் அப்படித்தான் என்றேன். அவன் விலாசத்தை எழுதுவான். 'கொட்டா' நன்றாக வரும். நான் கைதட்டத் தயாராவேன். 'சேனை' ஒடுங்கும். கொழும்பு ஒரு கோடாகிப் படுத்துவிடும்.

"இதுவும் சரியில்ல, என்ன?" என்று என் முகத்தைப் பார்ப்பான்.

"சரியில்ல" என்பேன்.

மெரில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "இவருக்கு இப்ப சட்டைப் பொத்தான் பூட்டவும் நேரம் எடுக்குது. நடக்கேக்க ஒரு கை ஆடுறதில்ல, கவனிச்சீங்களா?" என்றாள்.

"பொத்தான் ஓட்டை சின்னனா இருக்கும். டெய்லரை மாத்துங்க" என்றேன்.

ரெஜி சிரித்தான். மெரில் சிரிக்கவில்லை.

கலியாணத்தன்று என் சட்டைப் பையில் நான்கு ரீபில்கள், எல்லாம் சீவித் தயாராக. தேவாலயத்தில் பூசை முடிந்து பதிவேட்டை விரித்தார்கள். ரெஜி கோட்டும் டையுமாக வந்து உட்கார்ந்து பேனையைப் பிடித்தான். 'ரெ' வந்தது, பழைய ரெஜியின் 'ரெ', மேசையே நிறைந்த மாதிரி. நான் கைதட்டத் தயாரானேன். பிறகு கை ஒடுங்கியது. மற்ற எழுத்துகள் ஒன்றுக்குள் ஒன்று ஒளித்துக்கொண்டு ஒரு கடுகளவு தூரம் போய் முடிந்துவிட்டன.

பதிவாளர் நல்ல மனுசர். மெதுவாகத்தான் சொன்னார். "அய்யா, முழுப் பெயரும் போடுங்க."

"போட்டிட்டன்" என்றான் ரெஜி.

நான் அவசரமாகப் பைக்குள் கைவிட்டு அடுத்த ரீபிலை எடுத்து நீட்டினேன். அது பின்வழியாகக் கசிந்திருந்தது. என் கை, சட்டை, மேசை விரிப்பு எல்லாம் கறுப்பு. கலியாணப் படங்களில் இன்றைக்கும் நான் நெஞ்சில் குண்டு பட்டவன் மாதிரி நிற்கிறேன். ஷமினி குனிந்து பதிவேட்டைப் பார்த்தாள். "இருக்கு, அப்பாட பெயர் முழுக்க இருக்கு" என்று பதிவாளரிடம் சொன்னாள். பிறகு அப்பாவின் கையிலிருந்து பேனையை வாங்கி மூடினாள்.

இரண்டு கிழமை கழித்து மெரில் அவனைப் பெரிய டொக்டரிடம் கூட்டிப்போனாள். நானும் போனேன். டொக்டர் மேசையில் கிடந்த ஒரு மலிவுப் பேனையைக் கொடுத்து ஏதாவது எழுதச் சொன்னார். பிறகு விரலைத் தட்டச் சொன்னார், கதவுவரை நடந்து வரச் சொன்னார். எழுத்து எப்போதிருந்து சின்னதாகிறது என்று கேட்டார். நான் ரீபில் கதையைத் தொடங்கினேன். மெல்லிய முனை, தடித்த முனை, புறக்கோட்டை எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். அதுதான் தாங்கமுடியவில்லை.

அந்தக் கந்தோர் இருந்த மாடியில் இப்போது போன் உறைகள் விற்கிறார்கள். நத்தார் மடல்கள் முதலில் மெரிலின் எழுத்தில் வந்தன, பிறகு வரவில்லை. புறக்கோட்டை நானாவின் கடையும் பூட்டிக்கிடக்கிறது. ரெஜியின் குரலும் எழுத்தைப் போலவே சிறுத்து, கடைசியில் நான் போனை விட்டுவிட்டு நேரில் போய் வாய்க்குக் கிட்டக் காதை வைத்துத்தான் அவனுடைய பகிடிகளைக் கேட்டேன்.

நான் வாங்கிய ரீபில் எல்லாவற்றிலும் மை ஒழுங்காகத்தான் ஓடியது. ரெஜிக்கு இருந்தது பார்க்கின்சன் வருத்தம். எழுத்து சிறுப்பது அதன் ஆரம்ப அடையாளங்களில் ஒன்றாம். போன வருடம் அவன் இறந்துவிட்டான்.