சின்னவன் புலம்பல்

புதிதாக அச்சடித்துக் கொண்டுவந்த "கல்வெட்டின்" கறுப்பு மை பெருவிரலில் ஒட்டும். அந்தக் கையாலேயே வடையை எடுத்துக் கடித்தால் உழுந்தின் சுவையோடு மண்ணெண்ணெய் மாதிரி ஒரு காரல் நாக்கில் ஏறும். சின்ன வயதில் என் கவிதைகளுக்கு இருந்த சுவை அதுதான். செத்தவரின் படத்தை அட்டையில் போட்டு, முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகத்தைத்தான் எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்பார்கள். உள்ளே தேவாரம் இருக்கும். பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று ஆளாளுக்கு ஒரு பாட்டு இருக்கும். அழுகிறவர்கள் அதை எழுதுவதில்லை. பரந்தனுக்குப் பக்கத்தில், எங்கள் வாய்க்கால் கரைக் குடியேற்றத்தில், அதை எழுதியது எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான்.

போர் முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து, தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு மறுபடி வயல் செய்யத் தொடங்கிய காலம். மழையைப் பற்றி எழுதிப் பாடசாலைப் போட்டியில் முதலாவதாக வந்தேன். அந்தக் கவிதையை வாசித்துக் காட்டு என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. எழுதத் தெரிந்த பெட்டை ஒன்று இருக்கிறது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கே "செத்தவீடு" விழுந்தாலும் எங்கள் வாசல் படலையில் சைக்கிள் மணி கேட்கும். மழையும் வயலும் நானும் ஒருவருக்கும் தேவைப்படவில்லை, பிணம் விழுந்தால் மட்டும் கவிதை தேவைப்பட்டது. நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

இருந்து எழுத நேரமும் இல்லை, இடமும் இல்லை. குழாய்க்கிணற்றை அடிக்கும்போது ஒரு வரி வரும், வாளி நிரம்புவதற்குள் அது போய்விடும். கதிர் முற்றிய வயலில் கிளி கலைக்கத் தகரம் தட்டிக்கொண்டே அதைத் திரும்பப் பிடிப்பேன். அம்மா பின்னாலிருந்து கத்துவா: "செத்தவைக்கு எழுதுறது சரி, இருக்கிறவைக்கு ஆரடி தண்ணி அள்ளுறது?"

அந்தக் காலத்தில்தான் அடுத்த காணி இராசதுரை மாமா செத்தார். நானும் வழக்கம்போல எந்தையே, ஏந்தலே என்று அடுக்கி எல்லோருக்கும் புலம்பல் எழுதி, அவருடைய மனைவி செல்வராணி மாமியிடம் வாசித்துக் காட்டினேன். மாமி கடைசிவரை கேட்டுவிட்டு, "எல்லாரும் அழுகினம். என்ரை சின்னவன் எங்கை?" என்றா.

சின்னவன் என்றால் சுரேன். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன், கடைசி இடப்பெயர்வில் சனத்துக்குள் மாமியின் கையைவிட்டுப் போனவன். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. மூத்தவர் மோகன் அண்ணை வாசலில் நின்றுகொண்டு, "விடுங்கோம்மா. இல்லாதவன் எப்பிடி அழுவான்? ஊர் சிரிக்கும்" என்றார்.

"ஆரடா இல்லாதவன்?" மாமி சத்தம் போடவில்லை. "இல்லாதவன் எண்டால் அவனுக்கெல்லோ முதல் கல்வெட்டு அடிச்சிருக்க வேணும். அடிச்சனியே?"

மோகன் அண்ணை சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாமி என்னைப் பார்த்து, "நீ எழுது பிள்ளை" என்றா.

எழுத வரவில்லை. மற்றவர்களுக்கு அடுக்குகிற சொற்கள் ஒன்றுகூட அவனுக்குப் பொருந்தவில்லை. அவன் எங்கே நின்று அழுவான்? தகப்பன் செத்தது அவனுக்கு யார் சொல்லித் தெரியும்? பள்ளிக்கூடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் மாடு மேய்க்கும்போது வந்தது. மறப்பதற்குள் எழுத வேண்டும் என்று மாட்டை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன், மாடு அடுத்த வயலுக்குள் இறங்கிவிட்டது, அன்று அம்மாவிடம் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது.

தோள்கொடுக்க வரவில்லை, கோபிக்க வேண்டாம் அப்பா;
ஆள்விட்டுச் சொல்வாரில்லை, அறிந்திருந்தால் வந்திருப்பேன்.

முப்பத்தோராம் நாள் பந்தலுக்குள் கல்வெட்டை ராகம் போட்டு வாசித்த பெரியவர் அந்த இடத்துக்கு வந்ததும் ராகத்தை விட்டுவிட்டு வெறுமனே வாசித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சொந்தக்காரி ஒருத்தி, "உதென்ன புதுப் பழக்கம்?" என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டது எனக்கும் கேட்டது. மோகன் அண்ணை எழும்பிக் குசினி அடுப்படிப் பக்கம் போனார். மாமி மட்டும் அழவில்லை. சாப்பாடு முடிந்து எல்லோரும் போனபிறகு என்னைக் கூப்பிட்டா.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் அவன் அப்பா எண்டு கூப்பிடமாட்டான். ஐயா எண்டுதான் கூப்பிடுவான். என்னைக் கேட்டிருக்கலாமெல்லோ?"

அப்பா என்பது நான் என் தகப்பனைக் கூப்பிடுகிற சொல். அதைத் தூக்கி அவன் வாயில் வைத்திருந்தேன். அதற்குப் பிறகு எனக்குப் பாராட்டு கிடைத்திருக்கிறது, கவியரங்கத்தில் பொன்னாடை கிடைத்திருக்கிறது. அவ்வளவையும் தூக்கி எறியலாம். என் எழுத்தைப் பற்றி ஒருவர் சொன்ன உருப்படியான சொல் மாமி சொன்னதுதான்.

இப்போது கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறேன். பிள்ளைகளுக்குச் சோறு கட்டி வைத்துவிட்டு ஓடி ஏறுகிற பேருந்தில், நின்றபடி போனில் எழுதுவதுதான் என் கவிதை. கல்வெட்டு எழுதித் தா என்று இப்போது யாரும் படலைக்கு வருவதில்லை. அச்சகத்துக் கணினியில் எல்லாப் புலம்பலும் தயாராக இருக்கிறது, பெயரை மாற்றினால் போதும். ஒரே அழுகையை மாங்குளத்திலும் செட்டிகுளத்திலும் வாசிக்கிறார்கள். வெட்கமும் இல்லை.

போன கிழமை மாமி செத்துப்போனா. செத்தவீடு முடிந்த மறுநாள் மோகன் அண்ணை போன் எடுத்தார். "தங்கச்சி, மற்றதெல்லாம் அச்சகத்தில எடுக்கலாம். சின்னவன்ரையை நீ எழுது." பிறகு, "தாய்க்குக் கடைசிப் பிள்ளையெல்லோ கொள்ளி வைக்கிறது. அவன்ரை கொள்ளியை நான் வைச்சிட்டன்" என்றார்.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் யாருடைய குரலில் எழுதுவது? கையைவிட்டுப் போன பெடியனின் குரலில் எழுதினால் சுலபம். மாமி அதை ஒத்துக்கொள்ளமாட்டா; அவவின் கணக்கில் அவன் வளர்ந்துகொண்டே இருந்தான். "இப்ப அவனுக்கும் நரை விழுந்திருக்கும்" என்று போன பொங்கலுக்குச் சொன்னா. கல்யாணம் கட்டியிருப்பானா? மருமகள் புலம்பல் ஒன்றும் வேண்டுமா? தாய்க்கு முன்னால் வந்து நின்றால் முதலில் என்ன சொல்லுவான்? பிழையாக எழுதினால் கூப்பிட்டுச் சொல்வதற்கு இனி ஆளில்லை.

அச்சகத்திலிருந்து திரும்பத் திரும்பப் போன் வருகிறது, ஒரு பக்கம் காலியாக நிற்கிறதாம். நிற்கட்டும்.