இடுப்பிலேயே வளர்ந்த பிள்ளை

யுத்த காலத்தில் சின்னமனூரில் ஒரு வாழைத்தோட்டத்தில் தார் சுமந்தேன். அதற்கு முன் மலையில் ஏலத்தோட்ட வேலை. காய்ச்சல் கண்டதும் கீழே அனுப்பிவிட்டார்கள். மாட்டுத் தொழுவை ஒட்டிப் படுக்கை, தோட்டக்காரர் வீட்டில் கஞ்சி. நான்காம் வகுப்போடு நின்றவன்தான் என்றாலும் அந்த வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவனே.

தோட்டக்காரருக்கும் அவர் மனைவிக்கும் வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பையன். இரண்டு வயது தாண்டியும் நிற்கக்கூட இல்லை. கால் விளங்காது என்று தெருவில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மதுரையில் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர் ஒருவர், கடிதம் போட்டால் பதில் எழுதுவார் என்று யாரோ சொல்ல, ஒரு தபால் கார்டு வாங்கி வந்து என்னை உட்காரவைத்தார்கள்.

அந்த அம்மாள் சொன்னபடி எழுதினேன். பிள்ளை மெலிந்து கிடக்கிறான், பால் குடிப்பதில்லை, சோறு இறங்குவதில்லை. எதிரில் பையன் பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்து கருப்பட்டி சப்பிக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

“எழுதுங்க தம்பி. நல்லாத் திங்கிறான்னு தொறந்த கார்டுல எழுதுனா, இங்கனருந்து மதுரை வரைக்கும் அம்புட்டுப் பேரு கண்ணும் என் பிள்ளை மேல விழுகும்.”

பதில் வந்தது. சத்துக்குறைவு முற்றியிருக்கிறது, மீன் எண்ணெயும் முட்டையும் கொடுங்கள், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்று எழுதியிருந்தார். அவள் அடுப்பைப் பற்றவைக்காமல் அழுதாள்.

“எலும்பும் தோலுமா எழுதச் சொன்னது நீ. அவுக அந்தப் பிள்ளைக்குத்தான வைத்தியம் சொல்லியிருக்காக? நம்ம பிள்ளைக்குக் கேளுடி” என்றார் புருஷன்.

இந்த முறை ஒட்டிய கவர். அப்படியும் டாக்டரின் கண்ணும் கண்தானே என்று, தாளின் மூலையில் மைப்பொட்டு ஒன்று வைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள். திறந்தபின் மூட முடியவில்லை. காலையில் நெய்ச்சோறு, நடுவில் பழம், அடுத்து அத்தைமார் இடுப்பு, பக்கத்து வீட்டுக்காரி இடுப்பு, ராத்திரி அப்பன் மடி. மண்ணில் கால் பட விட்டதே இல்லை. எனக்கு இன்னொரு தாள் வேண்டியிருந்தது.

இரண்டாவது பதில் சிறியது. பையனை அக்குளில் பிடித்து நிறுத்திப் பாருங்கள். காலை ஊன்றித் தள்ளினால் பயமில்லை, தரையில் விடுங்கள், யாரும் தூக்க வேண்டாம்.

அப்பன் நிறுத்திப் பார்த்தார். பையன் உதைத்த உதையில் அவர் வேட்டி கிழிந்தது.

அதன்பின் வீட்டில் சண்டைதான். அவன் அலறுவான், அத்தைமார் கையை நீட்டுவார்கள், ஆத்தாக்காரி குறுக்கே நின்று விரட்டுவாள். அவர்கள் போனதும் தானே தூக்கிவிடுவாள். கடைசியில் புருஷன் அவளைக் களையெடுக்க அனுப்பிவிட்டார். பையன் தவழ்ந்தான். பிறகு வண்டிச் சக்கரத்தைப் பிடித்து எழுந்தான்.

ஒரு நாள் பழுத்த தாரோடு முற்றத்தைக் கடந்தேன். பின்னால் சத்தம். பையன் எதையும் பிடிக்காமல் தள்ளாடித் தள்ளாடிப் பழத்தைப் பார்த்து வந்துகொண்டிருந்தான். பாவம் என்று நான் குனியப் போனேன்.

“நிக்காதீங்க தம்பி” என்றாள், களையெடுத்துத் திரும்பி வாசலில் நின்ற ஆத்தாக்காரி. “அப்படியே நடங்க.”

முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். தோள் கடுத்தது. அவள் நிறுத்தச் சொல்லவே இல்லை.