அந்தமானில் கிடைத்த சொந்தம்

வாய்க்கால் தண்ணிச் சண்டையில் மம்பட்டியால் ஒருத்தரை அடித்துக் கொன்றதுக்காக வெள்ளைக்காரன் அந்தமானுக்கு அனுப்பிய எங்க பூட்டனோட தம்பியைத் தேடிக்கிட்டிருந்தேன் இல்லையா?

தடம் கிடைச்சிருச்சு! தண்டனை முடிஞ்சு அங்கேயே கல்யாணம் பண்ணிக்கிட்டாராம். இன்னைக்குக் காலையில் அவரோட வாரிசு ஒருத்தர் போர்ட் பிளேர்ல இருந்து வீடியோ காலில் பேசினார்.

சேதி ஊருக்குள்ள பரவி, மத்தியானம் பார்த்தா, அந்தச் சண்டையில் செத்தவரோட வாரிசு எங்க வாசலில் நிக்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான், ஆனா தலைமுறை தலைமுறையா எங்க வீட்டில் பச்சைத்தண்ணிகூடக் குடிக்காத குடும்பம். பயந்துக்கிட்டே மோர் நீட்டினேன். வாங்கிக் குடிச்சார்.

"ஏனுங்கம்மணி, அந்தமான்ல அவிய வம்சம் இருக்குதுங்களாமா?"

"ஆமாங்ண்ணா."

"கட்டிக்கிற வயசுல பொண்ணு இருக்குதுங்களா? நம்ம பையனுக்கு முப்பத்தாறு ஆயிப்போச்சுங்க. ஜாதகமெல்லாம் வேண்டாமுங்க."

கொலைப் பகையையே தீர்த்துவெச்சிருச்சு எங்க ஊர்ப் பொண்ணுப் பஞ்சம். போர்ட் பிளேர்ல இந்தப் பேச்சை எப்படிங்க ஆரம்பிக்கிறது?