ஈவ்லின் செருகிய முந்தானை

செய்தி வந்தது பிற்பகல் மூன்று மணிக்கு. மணப்பெண்களுக்கு வாடகைக்குக் கொடுக்கும் நகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள் காந்திமதி. கணவன் ரவி போனை வைத்துவிட்டு, "ஈவ்லின் அக்கா தவறிட்டாங்களாம். நெஞ்சு வலி" என்றான்.

"எந்த ஈவ்லின்?"

"உனுக்கு வயித்தெரிச்சல் குடுத்த ஈவ்லின் எத்தினி பேரு கீறாங்க?"

அஸ்தினாபுரம் ஈவ்லினுக்கும் மணப்பெண் அலங்காரம்தான் தொழில். தாம்பரம் பக்கத்தில் யாராவது "பழைய தெலுங்குப் படத்துல வர்ற மாதிரி வேணும்" என்று கேட்டால், எல்லோரும் கைகாட்டுவது அவளைத்தான். அகலக் கரைப் பட்டு, முழங்கை தொடும் ரவிக்கை, காசுமாலை, மேற்கையில் வங்கி என்னும் வளைந்த காப்பு, இடுப்பைச் சுற்றி வந்து முன்னால் செருகிய முந்தானை. ஈவ்லினுக்குத் தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது. சத்தத்தை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பாளாம். புடவைதான் அவளுக்குக் கதை.

காந்திமதி பிறந்த வீட்டில் பேசுவதே தெலுங்கு. ஆனாலும் அவள் செருகும் முந்தானை, பெண் மேடை ஏறுவதற்குள் தொய்ந்துவிடும். ஈவ்லின் செருகியது பந்தி முடியும்வரை அசையாது. போன மாதம்கூட தேவதர்ஷினி என்றொரு பெண் காந்திமதியின் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "யோசிச்சு சொல்றேன்க்கா" என்று போனவள், நேரே ஈவ்லினிடம் தேதி சொல்லிவிட்டாள். அன்று காந்திமதிக்குச் சோறு இறங்கவில்லை.

இனி அந்தப் பொண்ணுக்கு யார் கட்டுவார்கள்? அதுதான் முதலில் தோன்றியது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

ஈவ்லின் வீட்டுக்குப் போனதும் அவள் மகள் ஜாஸ்மின், காந்திமதியின் கையைப் பிடித்து உள்ளறைக்கு அழைத்துப் போனாள். கல்யாணப் புடவையோடு அடக்கம் செய்வது அவர்கள் குடும்பத்து வழக்கம். அத்தைமார் உடம்பில் சுற்றிவிட்டிருந்த வெள்ளைப் பட்டு மூட்டைபோல் கிடந்தது.

"நீங்க கட்டுங்க ஆன்ட்டி. வெளிய நிக்கிறவங்க பாதிப்பேர் அம்மாகிட்ட கட்டிக்கிட்டவங்க."

அதுதான் பயம். கோணலானால், ஈவ்லினுக்கே இப்படியா என்பார்கள். நன்றாக வந்தால் ஈவ்லினின் அழகு என்பார்கள். செத்தும் அவள் பக்கம்தான் தராசு.

கொசுவத்தை மடித்து வைத்தாள். அது அவள் விரலுக்குத் தானாக வரும்.

"இதைத்தான் அம்மா சொல்வாங்க" என்றாள் ஜாஸ்மின்.

"இன்னா சொல்வா?"

"உங்க கொசுவம் விசிறி மாதிரி நிக்குமாம். எங்கயாவது கல்யாணத்துல பாத்துட்டு வந்தா எங்கமேல எரிஞ்சு விழுவாங்க. 'அவளுக்கு மட்டும் எப்டிடி வருது'ன்னு கண்ணாடி முன்னாடி கட்டிக் கட்டி அவுப்பாங்க."

காந்திமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமும் தான் ஒருத்திதான் வெந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தாள்.

"முந்தானைய எப்டி நிக்க வெப்பா, உனக்குத் தெரியுமா?"

"எனக்கே சொன்னதில்ல ஆன்ட்டி."

"கெட்டிக்காரி. கூடவே எடுத்துக்கினு போறா பாரு."

வயிறு மறுபடி எரிந்தது. இந்தத் தடவை அதில் கொஞ்சம் சொந்தம் இருந்தது. ஜாஸ்மின் தோளைத் தூக்கிப் பிடிக்க, முந்தானையை முதுகுக்கடியில் சுற்றிக் கொண்டுவந்து, தனக்குத் தெரிந்தபடியே இடுப்பில் செருகினாள். அது நின்றது. நிற்கத்தானே செய்யும், கட்டிக்கொண்டவள் அசையவில்லையே.

போதகர் வந்துவிட்டார் என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்கள். நான்கு ஆண்கள் உள்ளே வந்து தூக்கினார்கள். வலது பாதத்தருகே கரை உள்பக்கமாக மடங்கியிருந்தது. அதை மட்டும் அவள் நீவிவிடவில்லை; அந்த ஒரு மடிப்பாவது தன்னுடையதாக இருக்கட்டும்.