படத்துக்குக் கீழே ஒரு நேரம்

எங்கள் வீட்டில் அத்தானுக்குப் பெயர் ‘பத்து நிமிஷம்’. அக்கா புருஷனுக்குப் பட்டப்பெயர் வைப்பது மரியாதை இல்லைதான். ஆனால் அவரோடு ஒரே ஒரு தடவை வெளியே போய் வந்தவர்கள்கூட என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். நல்ல பசி நேரத்தில் வண்டியை ஓரங்கட்டுவார். முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஏதாவது மேட்டில் ஏறுவார். “இன்னும் பத்து நிமிஷம், வெளிச்சம் வந்துடும்” என்பார். வரும், ஒன்றரை மணி நேரம் கழித்து. அதற்குள் நமக்குக் கண்ணில் பூச்சி பறக்கும்.

வார நாட்களில் அவர் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கிற ஸ்டூடியோக்காரர். “தோளை இறக்குங்க, கண்ணை மூடாதீங்க, சிரிக்காதீங்க” என்ற மூன்று வாக்கியத்தை வைத்துக்கொண்டே இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆள் அரவமில்லாத இடமாகத் தேடிப் போவார். உங்கள் படத்தில் ஒரு மனுஷன்கூட இல்லையே அத்தான் என்று ஒருமுறை கேட்டேன்.

“ஆறு நாளும் மூஞ்சியாவே பாக்கறேன் மாப்ள. ஏழாவது நாளாவது எவனும் கண்ணைச் சிமிட்டாம இருக்கட்டுமே” என்றார்.

எடுப்பதைவிட அச்சிடுவதில்தான் அவருக்குப் பைத்தியம் முற்றும். திரையில் தெரிவது சும்மா வெளிச்சம், காகிதத்தில் இறங்கினால்தான் அது படம் என்பது அவர் கட்சி. வீட்டின் பின்னறையை அந்தப் பெரிய பிரிண்டருக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. மை காயும்வரை தூசி பறக்கக்கூடாது என்று மின்விசிறி போட விடமாட்டார். வீடே வியர்த்துக் கொட்டும். திரையில் பாறை நிழலுக்குள் தெரிந்த புல், காகிதத்தில் வெறும் கறுப்பாக அப்பிக்கொள்ளும். அந்தப் புல்லை மீட்கிறேன் என்று ஒரே படத்தை ஆறு தடவை அச்சடிப்பார். உடனே தீர்ப்பும் சொல்லமாட்டார். ஒரு நாள் காயவிட்டு, மறுநாள் பகலில் ஜன்னலோரம் சாய்த்து வைத்து, தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்ப்பார். தேறிய படத்தின் பின்பக்கம் பென்சிலால் தேதியும் நேரமும் எழுதுவார். கேமராவின் கடிகாரத்தை வாரம் ஒருமுறை சரிபார்க்கிற மனிதர். அந்தப் பென்சில் எழுத்தை நம்பி நீங்கள் ரயில் பிடிக்கலாம்.

இந்த வருடம் அவர்கள் ஊர் நூலகத்தின் மாடி ஹாலில் அவருடைய முதல் கண்காட்சி. நூலகர் அம்மா பழைய கோப்புகளை எல்லாம் பார்த்து இருபத்து நான்கு படங்களைத் தேர்ந்தெடுத்தார். அதில் ஒன்று, அத்தான் அதுவரை அச்சிடாமலே வைத்திருந்த ஓர் ஏரி. மழை அப்போதுதான் விட்டிருக்கிறது. வானம் முழுக்கக் கறுப்பு. ஒரே ஓர் இடத்தில் மேகம் விலகி, வெளிச்சம் தண்ணீரில் விழுந்து கிடக்கிறது.

“இது வேணாமே…” என்று அத்தான் இழுத்தார்.

“நல்லா இருக்கே உங்க கதை! இதுதான் வாசல்ல மாட்டற படம்” என்று அந்த அம்மா முடித்துவிட்டார்.

அத்தான் அச்சிட்டு எடுத்து வந்தபோது பார்த்தேன். எதற்கும் ஒரு நொட்டை சொல்கிற என் வாயே அடைத்துப்போனது.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே தலைப்பு, தேதி, நேரம் போட்டு ஒரு சீட்டு ஒட்ட வேண்டும் என்று நூலகர் அம்மா சொல்லியிருந்தார். தட்டச்சும் நகலும் எடுக்கிற கடை வைத்திருப்பவன் நான். வேறு யார் அடிப்பது? பின்பக்கத்துப் பென்சில் எழுத்தைப் பார்த்து அத்தான் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் அடித்து வெட்டிவிட்டேன். அடிக்கிறவன் படிக்கமாட்டான், அது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். படித்தால் கை நின்றுவிடும்.

திறப்பு காலை பதினொரு மணிக்கு. பத்து மணிக்கு ஹாலில் நாங்கள் மூன்று பேர்தான். அத்தான் ஏணியில் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா இருபக்க டேப்பைக் கிழித்துக் கிழித்துச் சீட்டுகளை ஒட்டிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை அவளுக்கு. நாளெல்லாம் பிள்ளைகளின் பிறந்த தேதியைச் சரிபார்க்கிறவள், ஒட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் படித்தாள்.

ஏரிப் படத்தின் முன்னால் அவள் கை அப்படியே நின்றது.

“தம்பி, இங்க வா. இதைப் படி.”

படித்தேன். மழை விட்ட ஏரி. மார்ச் 11. மாலை 5.52. வருடம் மூன்று வருடத்துக்கு முந்தையது.

எங்கள் அப்பா செத்துப்போன தேதி அது. அந்தத் தேதியை என் பத்து விரலாலும் நானே அடித்திருக்கிறேன். ஒரு விரலுக்குக்கூட உறைக்கவில்லை.

அன்றைக்கு நடந்தது இதுதான். அப்பா என் வீட்டில் படுக்கையில் இருந்தார். அக்கா வீட்டிலிருந்து வர வண்டியில் இரண்டு மணி நேரம் ஆகும். மதியம் இரண்டு மணிக்கு நான் போன் செய்தேன், உடனே கிளம்பு என்று. வண்டி அத்தானிடம், அவரோ ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்த ஏரிக்குப் படமெடுக்கப் போயிருந்தார். அக்கா அவரைக் கூப்பிட்டாள். “இதோ கிளம்பிட்டேன், நீ ரெடியா இரு” என்றார். பஸ்ஸைப் பிடிக்கட்டுமா என்று மறுபடியும் கேட்டதற்கு, “வேணாம், வந்துக்கிட்டே இருக்கேன்” என்றார். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். அவர் வந்து சேர்ந்தது இரவு ஏழரைக்கு. டயர் வெடித்துவிட்டது, மாற்று டயரிலும் காற்றில்லை என்றார். அப்பா ஆறு நாற்பதுக்கே போய்விட்டார். பஸ்ஸில் கிளம்பாமல் போனேனே என்று அக்கா தன்னைத்தானே திட்டிக்கொள்ளாத நாளில்லை. ஒரு தடவைகூட அவரைத் திட்டியதில்லை. டயர் வெடித்தால் அந்த மனுஷன்தான் என்ன செய்வார் என்பாள்.

அத்தான் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். எந்தப் படத்துக்கு முன்னால் நிற்கிறோம் என்று பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“அஞ்சு அம்பத்திரண்டுக்கு நீங்க ஏரியில இருந்தீங்களா?” என்றாள் அக்கா. குரல் உயரவே இல்லை.

“ஆமா.”

“டயரு?”

அவர் தலையை ஆட்டினார். “வெடிக்கல. கிளம்பத்தான் பார்த்தேன். மழை விட்டுது. மேகம் பிரியற மாதிரி இருந்துது. பத்து நிமிஷம்னு நின்னேன்… அப்புறம் இன்னொரு பத்து. மாமா அன்னைக்கே போயிடுவாருன்னு நான் நினைக்கல.”

“தெரிஞ்சேதான் இந்த நேரத்தை எழுதிக் குடுத்தீங்களா?”

“வேற நேரம் எழுதிப் பார்த்தேன். படத்துல பொய்யா எழுத கை வரல.”

“எங்கிட்ட பொய் சொல்ல மட்டும் வாய் வந்துதாக்கும்” என்றாள்.

படச் சட்டத்தில் இருந்த தூசியை அவர் விரலால் துடைத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் சட்டென்று சூடாகிற ஆள், அது ஊருக்கே தெரியும். கையிலிருந்த நாற்காலியைத் தரையில் அடித்தேன்.

“மனுஷனாய்யா நீங்க? அங்க மேகம் பார்த்துக்கிட்டு நின்னீங்களா? இங்க அப்பா கடைசி வரைக்கும் இவளைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு! வாசல்ல ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் தலையைத் தூக்கிப் பார்த்தாரு!”

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் போன்றவனுக்காகச் சொன்னதுதான்.

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

“மத்தியானத்திலிருந்தே நினைவில்லைன்னு சொன்னியேடா.”

சொன்னேன். அன்றிரவு ஒன்பதரைக்கு அவள் வந்து இறங்கி, பையைக்கூடக் கீழே வைக்காமல் அப்பா பக்கத்தில் நின்ற கோலத்தைப் பார்த்துச் சொன்னேன். மதியத்திலிருந்தே நினைவில்லை அக்கா, நீ வந்திருந்தாலும் அவருக்குத் தெரிஞ்சிருக்காது என்று. அவள் மனசு ஆறட்டும் என்றுதான் சொன்னேன். அவள் அழுகை அதைக் கேட்டு அடங்கியதாக எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

“எத்தனை மணி வரைக்கும் நினைவு இருந்துது?”

“ஆறு பத்து… ஆறே கால் இருக்கும்.”

“நீ சங்கடப்படக் கூடாதுன்னுதான்…” என்று அத்தான் எனக்குப் பரிந்து ஏதோ சொல்லவந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“மூணு வருஷமா அப்பா என்னைக் கேக்கவே இல்லைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன்டா” என்றாள். “பெத்த பொண்ணு பக்கத்துல இல்லைங்கறதுகூடத் தெரியாமப் போயிட்டாரேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன். இவராவது என்கிட்டேருந்து அப்பாவோட இருக்க வேண்டிய ஒரு மணி நேரத்தை எடுத்துக்கிட்டாரு. நீ அப்பா கேட்டதையே எடுத்துக்கிட்டியே.”

அத்தானை அடிக்கப் போனவன் நான். குற்றவாளிக் கூண்டில் அவருக்குப் பக்கத்திலேயே எனக்கும் ஓர் இடம் இருந்திருக்கிறது, இத்தனை நாளும் தெரியாமல் உத்தமனாகத் திரிந்திருக்கிறேன். அத்தான் படத்தைக் கழற்றக் கையை நீட்டினார். “அது இருக்கட்டும்” என்றாள். சீட்டை அதன் இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் நான்கு மூலையையும் அழுத்தி ஒட்டினாள். படிக்கட்டில் நூலகர் அம்மா யாரையோ வரவேற்கிற சத்தம் கேட்டது.

அக்கா என் எதிரில் வந்து நின்றாள்.

“அப்பா என்னன்னு கேட்டாரு? அப்படியே சொல்லு. பேரைச் சொல்லிக் கேட்டாரா, பெரியவளேன்னு கேட்டாரா? என்ன வார்த்தை சொன்னாரு?”

வாயைத் திறந்தேன். ‘மதியத்திலிருந்தே நினைவில்லை’ என்பதை நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது ஒரு எழுத்துப் பிசகாமல் நாக்கு நுனியில் நின்றது. அப்பா கேட்டதை யாரிடமும், ஒரே ஒரு தடவைகூட, சொன்னதில்லை. அவர் உதடு அசைந்தது தெரிகிறது. கண் வாசல் பக்கம் போனது தெரிகிறது. என்ன வார்த்தை என்று எவ்வளவு துழாவியும் கிடைக்கவில்லை.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஞாபகம் இல்லக்கா” என்றேன்.