நூறு கரணை

சந்தனமேரி பசுவை விற்று இரண்டு வருஷமாகிறது. முட்டி தேய்ந்துபோனதில் மாட்டை இழுத்துப் பிடிக்க முடியவில்லை. புல்லுக்கு அதெல்லாம் தெரியுமா? கிணற்றடியில் பத்து சென்ட்டில் ஆளுயரத்துக்கு நிற்கிறது. கணவர் குழந்தைசாமி குடுமியான்மலை விவசாயப் பயிற்சிக்குப் போய்த் தண்டுக் கரணை வாங்கிவந்து நட்டது. “ஆப்பிரிக்காவுல யானை திங்கிற புல்லோட வம்சமாம்டி. நம்ம செவலை எந்த மூலைக்கு?” என்று சிரித்தவர், மூன்றாம் அறுப்புக்கு இல்லை.

மணமேல்குடிக் கடற்கரையிலிருந்து அரிமளத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவளுக்கு அருவாள் பிடிக்கவே தெரியாது. மகன் செம்மல் கோயம்புத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேசுவான். மற்ற நாட்களில் அந்த வீட்டுப் படலைத் திறக்கிற ஒரே ஆள் மணிமேகலை. தன் மாடுகளுக்கு ஒரு கட்டுப் புல்லுக்காக வருவாள். நின்றபடியே ஊர்க்கதை அத்தனையும் கொட்டிவிட்டுப் போவாள்.

அன்றைக்கு வந்தவள், “பெரியம்மா, எங்க வயல்ல போர் போட்டாச்சு, தண்ணி வந்துருச்சு. நூறு கரணை வெட்டிக் குடுங்க. இனிமே தெனம் வந்து ஒங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்” என்றாள்.

“தொந்தரவுன்னு நான் எப்பத்தா சொன்னேன்?”

“நீங்க சொல்லுவீங்களா? முட்டியப் புடிச்சுக்கிட்டுக் குனியுறதப் பாக்குறேன்ல. சாயங்காலம் வாரேன்.”

இந்தப் புல்லுக்கு விதை கிடையாது. முற்றிய தண்டை இரண்டு கணுவாக நறுக்கி, ஒரு கணுவை மண்ணுக்குள் விட்டால்தான் துளிர்க்கும். இளந்தண்டு அழுகிவிடும். சந்தனமேரி இளந்தண்டாகப் பார்த்தே வெட்டினாள். பார்வைக்குப் பச்சைப்பசேலென்று அழகாகத்தான் இருந்தது. முப்பது ஆனதும் கை நின்றது. மணிமேகலை தண்ணீர் பாய்ச்சிவிட்டு, துளிர்த்துவிட்டதா என்று தினமும் குனிந்து குனிந்து பார்ப்பாள்.

“சண்டாளி” என்று தன்னையே திட்டிக்கொண்டு, அந்த முப்பதையும் வரப்போரம் வீசினாள். தின்ன மாடில்லை, அங்கேயே கிடந்தன. பிறகு தூர் பெருத்த புதராகத் தேடி, முற்றியதாக நூறு நறுக்கினாள்.

சாயங்காலம் மணிமேகலை தலையில் கரணைக் கட்டைத் தூக்கிவிடும்போது சொன்னாள்: “மொத அறுப்புக்கு எழுவத்தஞ்சு நாளாகும். அதுவரைக்கும் இங்கிட்டுத்தான் வரணும்.”

“வராம? மாடு என்னையத்தான் திங்கும்.”

சொன்னபடி வந்தாள். கதையும் வந்தது.

எழுபத்தாறாம் நாள் காலையிலும் பழக்கத்தில் ஒரு கட்டு அறுத்துப் படலோரம் வைத்தாள் சந்தனமேரி. உச்சிவெயிலில் இலைகள் சுருண்டன. கட்டை அவிழ்த்துத் தென்னந்தூரில் மூடாக்காகப் பரப்பினாள். கையில் இலைச்சுணை அரித்தது. அடுத்த பாத்தி முற்றத் தொடங்கியிருந்தது. நாளைக்கு அறுத்தாக வேண்டும்.